கோல்ஃப்: ஸ்விங் வேகத்தைக் கூட்டுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோல்ஃப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூரத்தைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஒன்பதுக்கு, ஸ்விங் பயிற்சியாளரும் உடற்பயிற்சி நிபுணரும் சேர்ந்து இங்கே பதில் சொல்கிறார்கள். கிளப் என்பது கோல்ஃப் மட்டை, அதைச் சுழற்றி அடிப்பது ஸ்விங், தொலைதூரம் அடிக்கும் மிக நீளமான கிளப் டிரைவர். எல்லாப் பதில்களும் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதப்பட்டவை. இடக்கை ஆட்டக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

*எனக்கு 41 வயது. டிரைவரில் 210 யார்டுக்கு மேல் போவதில்லை. ஒரு வருடமாக ஜிம்முக்குப் போய்க் கைகளுக்கு நன்றாக வெயிட் தூக்குகிறேன். சட்டை இறுகியதே தவிர தூரம் கூடவில்லை. என்னைவிட ஒல்லியான நண்பர் 240 அடிக்கிறார். எங்கே தப்பு? — வாசகர், கோவை*

அளந்து பார்க்காமல் எந்தப் பயிற்சியையும் தொடங்காதீர்கள். கிளப், பந்து வேகங்களை அளக்கும் லான்ச் மானிட்டர் உள்ள ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பத்துப் பந்து அடித்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பந்தைத் தொடும் கணத்தில் கிளப் தலையின் வேகம். மற்றது, கிளம்பிய பந்தின் வேகம். பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். டிரைவரில் இது 1.50-ஐ ஒட்டி நின்றுவிடும். கிளப் முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு விதியிலேயே வரம்பு உண்டு.

சாதாரண ஆண் ஆட்டக்காரரின் டிரைவர் வேகம் மணிக்கு 93 மைல் அளவில் இருக்கும். அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூர் ஆண்களுக்குச் சராசரி 115-ஐ ஒட்டி, எல்.பி.ஜி.ஏ. பெண்களுக்கு 95-ஐ ஒட்டி. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். உங்கள் வேகமும் அந்தப் பெண்களின் வேகமும் அநேகமாகப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் அவர்கள் பந்து உருண்டு நிற்கும்போது 250 யார்டைத் தாண்டியிருக்கும். அந்த 40 யார்டு வித்தியாசம் கைப் பலத்தால் வருவதில்லை. பந்து கிளப் முகத்தின் நடுவில் படுவதாலும், கிளப் பந்தை நோக்கி மேலேறும் கோணத்தில் வருவதாலும் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 93 மைல் வேகத்தில் ஸ்மாஷ் 1.40 என்றால் பந்து 130 மைலில் கிளம்பும். 1.48 என்றால் 138. பந்து வேகத்தில் ஒரு மைல் கூடினால் ஏறக்குறைய இரண்டு யார்டு கிடைக்கும் என்பது பொதுக்கணக்கு. ஒரு கிலோ வெயிட்டும் தூக்காமல் 15 யார்டு வந்துவிடுகிறது.

எங்கே படுகிறது என்று பார்க்க ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தில் பெரிய புள்ளி ஒன்று வைத்து, அது கிளப் முகத்தைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வையுங்கள். அடித்தபின் கிளப்பைத் திருப்பிப் பார்த்தால் மை ஒட்டியிருக்கும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) சேரும் பக்கமாகவே மீண்டும் மீண்டும் ஒட்டினால், கிளப் வெளியிலிருந்து குறுக்கே வருகிறது, அல்லது கீழிறங்கும்போது உங்கள் இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளுகிறது. நுனிப் பக்கம் ஒட்டினால் கைகள் உடம்போடு ஒடுங்குகின்றன, இல்லையென்றால் நீங்கள் குதிகாலில் சாய்கிறீர்கள். முகத்தின் கீழ்ப்பகுதியில் ஒட்டினால் பந்து அளவுக்கு மீறிப் பின்சுழலும். மேலே ஏறிப் பொத்தென்று விழுவது அதனால்தான்.

இனி ஜிம் விஷயம். கையை மடக்கித் தூக்கும் பயிற்சியில் வளரும் தசைக்கு ஸ்விங்கில் வேலை மிகக் குறைவு. வேகம் கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றில் பிறக்கிறது. கைகள் அதைக் கிளப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த ஒல்லி நண்பரையே அழைத்துக்கொண்டு போய் இரண்டு சோதனை செய்யுங்கள். சுவரோரம் நின்று எட்டிக் குதித்து யார் உயரம் அதிகம் என்று குறியுங்கள். பிறகு 3 கிலோ மெடிசின் பந்தை இருவரும் பக்கவாட்டில் சுழன்று எறிந்து தூரத்தை அளங்கள். இரண்டிலும் நீங்கள் ஜெயித்து, ஸ்விங்கில் மட்டும் அவர் ஜெயித்தால் உங்கள் குறை நுட்பத்தில். இரண்டிலும் தோற்றால் கால்களுக்கும் இடுப்புக்கும் வேலை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. எந்தக் குறை என்று தெரியாமல் பந்து படும் இடம், நுட்பம், பலம் மூன்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போவதால்தான் பலருக்கு ஆறு மாதம் கழித்தும் அதே 210.

*“இடுப்பிலிருந்து அடி”, “கையைத் தாமதப்படுத்து” என்று ரேஞ்சில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். செய்து பார்த்தால் பந்து வலப்பக்கம் பறக்கிறது. உண்மையில் எதை எப்போது அசைக்க வேண்டும்? — வாசகர், சென்னை*

அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் விளைவைச் சொல்கிறார்கள், அதைக் கொண்டுவரும் வழியைச் சொல்வதில்லை.

நல்ல ஸ்விங்கில் கிளப்பைப் பின்னால் எடுக்கச் சுமார் முக்கால் நொடி பிடிக்கும், இறக்கக் கால் நொடி. இந்தக் கால் நொடியில் நான்கு பகுதிகள் வரிசையாக வேகமெடுக்கின்றன: இடுப்பு, நெஞ்சு, கை, கிளப். ஒவ்வொன்றும் உச்ச வேகத்தைத் தொட்டதும் மட்டுப்படும். மட்டுப்படும்போது தன் வேகத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஈரத் துண்டை உதறுகிறோமே, கை நின்ற பிறகுதான் துண்டின் நுனி சடக்கென்று அடிக்கிறது, அதேபோல். நுனியோடு சேர்ந்து கையும் ஓடினால் சத்தம் வராது.

நீங்கள் இடுப்பைச் சுழற்றும்போது பந்து வலம் போவதற்குக் காரணம், கிளப் கீழே இறங்கிவிட்ட பிறகு இடுப்பை வேண்டுமென்றே திருப்புவதுதான். அப்போது உடம்பு முன்னே ஓடிவிடும், கிளப் முகம் திறந்தபடி பின்னால் மாட்டிக்கொள்ளும். திரும்ப வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது. கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே எடை இடது பாதத்துக்கு வந்துசேர ஆரம்பிக்க வேண்டும். மேல் பாதி பின்னால் போக, கீழ்ப் பாதி முன்னால் திரும்புகிறது. வயிற்றிலும் விலாவிலும் அந்த நேரம் ஒரு முறுக்கு ஏறும். அந்த முறுக்குதான் வேகத்தின் முதல் தவணை.

இரண்டாம் தவணை இடது காலிலிருந்து வருகிறது. இறங்கும்போது சற்று மடங்கும் இடது முழங்கால், கைகள் இடுப்பு உயரத்துக்கு வரும் நேரத்தில் தரையை உதைத்து நிமிர வேண்டும். தொலைதூரம் அடிப்பவர்களின் இடது குதிகால் தரையை விட்டு எழுவதும், பாதம் இலக்கை நோக்கித் திரும்புவதும் இந்த உதையால்தான். நிமிர்வது கால். முதுகின் சாய்வு அப்படியே இருக்க வேண்டும். முதுகும் சேர்ந்து நிமிர்ந்தால் பந்தின் தலையில் அடிப்பீர்கள்.

இந்த வரிசையைத் தலையில் வைத்துக்கொண்டு அடிக்க முடியாது. கால் நொடியில் மூளை குறுக்கிட இடமே இல்லை. அதனால் வரிசை தானாக வரும்படி செய்யும் இரண்டு பயிற்சிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அடியெடுத்து அடிப்பது. 7-அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத் தலைக் கிளப்), தாழ்ந்த டீயில் பந்து, இரண்டு பாதமும் ஒட்டி. கிளப்பைப் பின்னால் எடுங்கள். கைகள் வலது தோளருகே போகும்போதே, நிற்காமல், இடது காலைத் தோள் அகலத்துக்கு இலக்கை நோக்கி எடுத்து வையுங்கள். பாதம் பதிந்த பின் அடியுங்கள். முதல் பத்து முறை பந்தில்லாமல், அடுத்த பத்து முறை பாதி வேகத்தில். காலும் கையும் ஒரே நேரத்தில் கிளம்பினால் பயன் இல்லை. பக்கவாட்டில் செல்போனை நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், பொய் சொல்லாது.

இரண்டாவது, சத்தம் கேட்பது. டிரைவரைத் தலைகீழாகத் திருப்பி, தலைக்குக் கீழே ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் சுற்றுங்கள். “விஷ்க்” என்ற காற்றுச் சத்தம் எங்கே கேட்கிறது என்று காதைக் கூர்மையாக்குங்கள். வலது தோளுக்குப் பக்கத்தில் கேட்டால் மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்து, வேகம் மேலேயே செலவாகிவிட்டது. பந்து இருக்க வேண்டிய இடத்திலும் அதைத் தாண்டியும் கேட்கும்வரை சுற்றுங்கள். மணிக்கட்டை வலிந்து பிடித்துவைக்கச் சொல்லும் அறிவுரையைவிட இது பல மடங்கு நல்லது. இறுக்கிப் பிடித்த மணிக்கட்டு கடைசிவரை அவிழாமல் போவதும் உண்டு, உங்கள் வலப்பக்கப் பந்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பின்னெடுப்பைக் குறுக்காதீர்கள். இடது குதிகாலைத் தரையில் ஆணியடித்ததுபோல வைத்திருந்தால், இறுகிய இடுப்புள்ளவருக்குத் தோள் 90 டிகிரி திரும்பாது. அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் தன் காலம் முழுக்க இடது குதிகாலைத் தூக்கித்தான் அடித்தார். நீங்களும் தூக்கலாம். பிடி உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் இருக்கட்டும். முன்கை இறுகினால் மணிக்கட்டும் இறுகும், மணிக்கட்டு இறுகினால் வேகம் போச்சு.

*ஊட்டியில் அடிக்கும்போது டிரைவர் 240 போகிறது, சமவெளிக்கு இறங்கினால் 220. மலையில் எனக்கு வேகம் கூடிவிடுகிறதா? — வாசகர், குன்னூர்*

இல்லை, காற்று மெலிந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் பந்து ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்கும். ஊட்டி 7,000 அடிக்கு மேலே, ஆக எட்டு சதவீதம். சென்னையில் 220 என்றால் அங்கே 238 அளவில். இலங்கையின் நுவரெலியாவில் ஆடுபவர்களுக்கும் இதே அனுபவம்தான். குளிர் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்ளும், ஏனெனில் குளிர்ந்த காற்று அடர்த்தி, குளிர்ந்த பந்து துள்ளாது. முன்னேற்றத்தைத் தூரத்தால் அளக்காமல் கிளப் வேகத்தால் அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

*எடை குறைந்த, எடை கூடிய குச்சிகளைச் சுற்றினால் ஆறு வாரத்தில் வேகம் கூடும் என்கிறார்கள். உண்மையா, வியாபாரமா? — வாசகர், சிங்கப்பூர்*

வியாபாரமும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. இங்கிலாந்தின் மாட் ஃபிட்ஸ்பாட்ரிக் பெரிய உடம்புக்காரர் அல்ல. இத்தகைய எடைக் குச்சிப் பயிற்சியை விடாமல் செய்து வேகத்தை ஏற்றிக்கொண்டவர், 2022-இல் புரூக்லைனில் யு.எஸ். ஓப்பனை வென்றார்.

உடம்பு தன் வழக்கமான வேகத்தையே உச்சம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. லேசான குச்சியைச் சுற்றும்போது கைகால்கள் இதுவரை போகாத வேகத்தில் போகின்றன. அந்த வேகத்துக்கு நரம்புகள் பழகியதும், கொஞ்சம் வழக்கமான கிளப்புக்கும் ஒட்டிக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் கிடைக்கும் ஏற்றம் பெரும்பாலும் இப்படி வருவதுதான். அதன்பின் மெதுவாகிவிடும். அங்கிருந்து மேலே போக உடல் பலம் வேண்டும்.

செய்முறை: டிரைவர் மொத்தம் 310 கிராம் என்று வைத்துக்கொண்டால், லேசான குச்சி அதைவிட 20 சதவீதம் குறைவாக, அதாவது 250 கிராம் அளவில். நடுவது 280. கனமானது 325. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஐந்து முதல் எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, லேசானதில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஐந்து சுற்று, பிறகு மூன்றிலும் இடக்கைக்காரர்போல மறுபக்கம் மூன்று மூன்று சுற்று. கடைசியில் சொந்த டிரைவரால் ஐந்து. எல்லாம் சேர்த்து முப்பது நாற்பதைத் தாண்ட வேண்டாம்.

இதில் கெட்டுப்போவது இரண்டு இடங்களில். முதலாவது, ஓய்வு கொடுக்காமல் மடமடவென்று சுற்றுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே இருபது நொடி நில்லுங்கள், எடை மாற்றும்போது இரண்டு நிமிடம். மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றும் ஐம்பதாவது சுற்று மெதுவான சுற்று. உடம்பு மெதுவையும் பழகிக்கொள்ளும். கையடக்க ரேடார் ஒன்று வாங்கிப் பந்தின் பின்னால் வைத்து எண்ணைப் பாருங்கள். அன்றைய உச்சத்திலிருந்து ஐந்து சதவீதம் இறங்கினால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடலாம். எண் தெரியாமல் சுற்றுபவர் தன்னையறியாமல் அடக்கியே சுற்றுவார். இரண்டாவது, பந்தே அடிக்காமல் குச்சியோடு முடித்துக்கொள்வது. முடிவில் ஏழெட்டுப் பந்துகளை அதே வேகத்தில், எங்கே போகிறது என்று கவலைப்படாமல் அடியுங்கள். புதிய வேகத்தில் கிளப் முகத்தை இலக்குக்கு நேராகக் கொண்டுவரக் கைகள் சில வாரம் எடுக்கும்.

கிளப்பின் கழுத்தில் கனமான வளையம் மாட்டிச் சுற்றுவதைச் சூடேற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம். கழற்றியதும் கிளப் பறப்பதுபோல இருக்கும். ரேடார் அப்படிச் சொல்லாது.

*வாரம் இரண்டு நாள்தான் ஜிம்முக்கு நேரம். கோல்ஃப் வேகத்துக்கு எதைச் செய்வது, எதை விடுவது? — வாசகர், ஈப்போ*

இரண்டு நாள் தாராளம். ஒவ்வொன்றும் 50 நிமிடம். வரிசை முக்கியம்: வேகமானவை முதலில், கனமானவை பிறகு. களைத்த பின் குதித்தால் வேகப் பயிற்சி ஆகாது, வியர்வைப் பயிற்சி ஆகும்.

சூடேற்றியதும் குதிப்பு. முழங்காலை மடக்கி, கைகளை வீசி, உயரே குதித்து மென்மையாக இறங்குங்கள். நான்கு குதி, மூன்று செட். அடுத்து மெடிசின் பந்து எறிதல். 2 அல்லது 3 கிலோ போதும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று, பந்தை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரை உடைப்பதுபோல எறிய வேண்டும். ஒரு பக்கம் ஐந்து, மூன்று செட், இரண்டு பக்கமும். இங்கே பலரும் 6 கிலோ, 8 கிலோ என்று பெரிய பந்தை எடுக்கிறார்கள். கனம் கூடினால் எறிவது தள்ளுவதாக மாறிவிடும். சுவரில் பட்ட சத்தம் மந்தமாகிவிட்டால் பந்து கனம் என்று அர்த்தம்.

பிறகு டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது. அறுகோணப் பார் இருந்தால் முதுகுக்கு இதம். ஐந்து முறை, மூன்று செட், நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்று தோன்றும் எடையில் நிறுத்துங்கள். இதற்குப் பதிலாக இரண்டாம் நாள் ஸ்குவாட். அடுத்து, பின்காலைப் பெஞ்சில் வைத்து ஒற்றைக் காலில் இறங்கும் ஸ்ப்ளிட் ஸ்குவாட், காலுக்கு எட்டு, இரண்டு செட். இடது காலின் உதை இங்கேதான் உருவாகிறது. மேலுடம்புக்கு ஒரு நாள் டம்பெல் இழுப்பும் தண்டாலும், மறுநாள் புல்-அப்பும் டம்பெல் பிரஸ்ஸும், எட்டெட்டாக மூன்று செட். கடைசியில், பக்கவாட்டில் கட்டிய ரப்பர் பேண்டை நெஞ்சருகே பிடித்து, உடம்பு திரும்பாமல் கைகளை நேரே நீட்டி மடக்குவது, பக்கத்துக்குப் பத்து. முறுக்கைத் தாங்கும் பலம் இடுப்புக்கு மேலே இல்லையென்றால் காலில் பிறந்த வேகம் வழியிலேயே ஒழுகிவிடும்.

எதை விடுவது? வயிற்றை நூறு தடவை மடக்குவது, உட்கார்ந்துகொண்டு எடைத் தட்டைப் பிடித்து இடம் வலமாக முறுக்குவது இரண்டையும் விட்டுவிடுங்கள். கேபிளில் கனமான எடை வைத்து ஸ்விங் மாதிரியே இழுப்பதையும் விடுங்கள். அது பலத்தையும் கூட்டாது, ஸ்விங்கின் நேரக்கணக்கையும் கெடுக்கும்.

உடம்பைப் பெருக்க வேண்டுமா என்ற கேள்வியும் வரும். அமெரிக்காவின் பிரைசன் டிஷாம்போ உடம்பை ஏற்றிக்கொண்டு 2020-இல் யு.எஸ். ஓப்பனை வென்றது உலகமே பார்த்தது. பிறகு அவர் எடையைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டு 2024-இல் பைன்ஹர்ஸ்டில் அதே பட்டத்தை மறுபடி வென்றார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எடைக்காகச் சாப்பிட வேண்டியதில்லை. பயிற்சி நாட்களில் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று மூன்று வேளையும் புரதம் இருந்தால் போதும்.

பலம் கூட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பலம் தானாக ஸ்விங்குக்குள் வராது. வாரம் இரண்டு முறையாவது முழு வேகத்தில் கிளப்பைச் சுற்றினால்தான் வரும். ஜிம்மில் பெருத்தும் ரேஞ்சில் மெதுவாகவே இருப்பவர்களுக்கு விடுபட்டது இந்தச் சுற்றுதான்.

*நீள ஷாஃப்ட் போட்டால் வேகம் கூடும்தானே? — வாசகர், துபாய்*

கூடும், ஆனால் நடுமுகத்தில் படும் பந்துகள் குறையும். கடையில் விற்கும் டிரைவர்களே பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டி வருகின்றன. பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 2022 முதல் 46 அங்குலம் உச்சவரம்பு. பல தொழில்முறை ஆட்டக்காரர்களோ 45-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள். ஷாஃப்டில் கை வைப்பதற்கு முன் செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்து, பந்தில் பாதி கிளப் தலைக்கு மேலே தெரியும்படி டீயை உயர்த்தி, வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி நில்லுங்கள். 90 மைல் வேகத்தில், கீழ்நோக்கி 5 டிகிரியில் வெட்டுபவர் மேல்நோக்கி 5 டிகிரிக்கு மாறினால், வேகம் அப்படியே இருக்க, இருபது யார்டளவு கூடக் கிடைக்கும். 90-க்குக் கீழே வேகம் உள்ளவர்கள் முகச் சாய்வு 9 டிகிரி உள்ள டிரைவரை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், 10.5 அல்லது 12 எடுங்கள்.

*வயது 63. பிரஷர் மாத்திரை போடுகிறேன், 18 குழி ஆடினால் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது. வருடாவருடம் தூரம் குறைகிறது. இந்த வயதில் வேகத்தைக் கூட்ட ஆசைப்படலாமா? — வாசகர், கொழும்பு*

தாராளமாக ஆசைப்படலாம் ஐயா. அமெரிக்காவின் ஃபில் மிக்கல்சன் 2021-இல் கியாவா தீவில் பி.ஜி.ஏ. பட்டத்தை வென்றபோது 51-ஐத் தொட ஒரு மாதம்கூட இல்லை. கடைசி நாள் 16-ஆம் குழியில் அவர் அடித்த டிரைவ் 366 யார்டு. அவரும் வேகத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர்தான்.

முதல் வேலை, மருத்துவரைப் பார்த்து எடைப் பயிற்சிக்கு அனுமதி வாங்குவது. வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ ஸ்விங்கை நிறுத்திவிட்டு அதைக் காட்டுங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது வாயால் ஊதி விடுங்கள்.

உங்கள் வயதில் முதுகு வலிக்கப் பெரும்பாலும் காரணம் முதுகு அல்ல. இடுப்பு மூட்டும் நெஞ்சுப் பகுதியும் திரும்ப மறுப்பதால், அந்தத் திருப்பத்தையும் கீழ் முதுகே சுமக்கிறது. இரண்டு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் முழங்கால்களை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கிளப்பை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து, இடுப்பு அசையாமல் திரும்புங்கள். இரு பக்கமும் 45 டிகிரி வர வேண்டும். அடுத்து மேஜை விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, தொடை அசையாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்குங்கள். இது இடுப்பு மூட்டு உள்ளே திரும்பும் அளவு. 30 டிகிரிகூட வராவிட்டால் இறுக்கம்.

தினமும் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து, மேல் முழங்காலைத் தலையணையில் ஊன்றி, மேல் கையைப் புத்தகம் திறப்பதுபோல மறுபக்கம் விரியுங்கள், பக்கத்துக்கு எட்டு. பிறகு தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னே ஊன்றி, இரண்டு முழங்காலையும் இடம் வலமாகச் சாய்ப்பது பத்து. வாரம் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து வேகமாக எழுந்து மூன்று நொடி எடுத்து மெல்ல உட்காருவது, ஆறு ஆறாக மூன்று செட். வேகமாக எழுவதுதான் மருந்து. வயதாகும்போது முதலில் தேய்வது பலத்தைவிட விரைவு.

நிற்கும் முறையிலும் முதுகுக்கு இரக்கம் காட்டலாம். இரண்டு பாதத்தையும் 25 டிகிரி வெளியே திருப்பி நில்லுங்கள், பின்னெடுப்பில் இடது குதிகாலை எழ விடுங்கள். அடித்து முடிக்கும்போது முதுகைப் பின்னால் வளைக்காமல், இலக்கைப் பார்த்து நெட்டுக்குத்தாக நில்லுங்கள். எடைக் குச்சிப் பயிற்சியை இரண்டு மாதம் கழித்து, வாரம் இரு நாள், பாதி எண்ணிக்கையில் தொடங்கலாம். ஒரே வாரத்தில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குபவர்களுக்கு விலா எலும்பில் மயிரிழைக் கீறல் விழுவது உண்டு. விலாவின் பின்பக்கம், மூச்சு இழுக்கும்போது குத்தும். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்து ஆடி முற்றவிடாதீர்கள்.

*மகளுக்கு 12 வயது. பயிற்சியாளர் “முதலில் நேராக அடி, வேகம் பிறகு வரும்” என்கிறார். எனக்கோ அவள் வேகமாக அடிக்கும்போதுதான் சந்தோஷமாக இருப்பதாகத் தெரிகிறது. — தாய், பெங்களூரு*

உங்கள் பக்கம்தான் நியாயம் அம்மா. இந்த வயதில் கற்ற விரைவு உடம்பில் தங்கும். நேராக அடிப்பதைப் பிற்பாடும் கற்கலாம், அடக்கிச் சுற்றப் பழகியவர் இருபதில் வேகத்தைக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒவ்வொரு பயிற்சியிலும் பத்துப் பந்தாவது “எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு” என்று அடிக்கட்டும். மற்றதைப் பயிற்சியாளர் சொன்னபடி அடிக்கட்டும். இரண்டுக்கும் இடமிருக்கிறது.

பெரியவர்களின் கிளப்பை வெட்டிக் கொடுக்காதீர்கள். நீளம் குறையும், கனமும் விறைப்பும் அப்படியே இருக்கும், தூக்க முடியாமல் தவறான வழியில் சுற்றுவாள். கனமான பார் இப்போது வேண்டாம். ஓட்டம், கயிறு தாண்டல், பந்து எறிதல், பேட்மிண்டன், தண்டால் எல்லாம் அவளுக்கு ஸ்விங் வேகப் பயிற்சியே. சட்டென்று உயரம் கூடும் மாதங்களில் முழு ஸ்விங் பந்துகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசைநாண் பின்தங்கும், முதுகும் முழங்காலும் வலிக்கும்.

வேகம் ஒன்றே ஆட்டம் என்று அவள் நினைத்துவிடவும் கூடாது. உங்கள் ஊரின் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் குறைவான தூரம் அடித்தவர்களுள் ஒருவர். பட்டிங்கையும் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) கிரீனை (குழி இருக்கும் புல்பரப்பு) சுற்றிய அடிகளையும் வைத்தே நான்காம் இடம்வரை வந்தார். பதக்கம் ஒரே ஓர் அடியில் தவறியது.

*காலை ஆறு மணிக்கு ஆட்டத்தின் முதல் அடி. காரிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் அடிக்க வேண்டும். என்ன செய்வது? — வாசகர், கொடைக்கானல்*

குனிந்து காலைத் தொட்டபடி ஒரு நிமிடம் நிற்பதைச் செய்யாதீர்கள். நீண்ட நேரம் இழுத்துப்பிடித்த தசை சற்று நேரத்துக்கு விரைவை இழக்கும். அசைந்துகொண்டே சூடேற வேண்டும். இரண்டு நிமிடம் வேக நடை. கிளப்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்து முறை வீசுங்கள், பிறகு குறுக்காகப் பத்து. கிளப்பைத் தோளில் வைத்து இடம் வலம் பத்துத் திருப்பம், பத்து அரை ஸ்குவாட், ஐந்து சின்னக் குதி. அடுத்து பந்தில்லாமல் டிரைவர்: பாதி வேகத்தில் மூன்று, முக்கால் வேகத்தில் மூன்று, முழு வேகத்தில் மூன்று. கொடைக்கானல் குளிருக்கு இரண்டு பந்துகளைக் கால்சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு, குழிக்குக் குழி மாற்றி ஆடுங்கள்.